வயிற்றில் உருண்ட எலுமிச்சம்பழம்

கரகாட்டக்காரி என்று தெரிந்தால் எல்லோரும் என் தலையைப் பற்றித்தான் கேட்பார்கள். "சொம்பு எப்படிம்மா கீழ விழாம நிக்குது? கழுத்து வலிக்காதா?" பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். கழுத்துக்கு அங்கே என்ன வேலை? கரகம் பாட்டுக்குத் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆடுவது வயிறு. கால் எவ்வளவு குதித்தாலும் இடுப்பு எப்படிச் சுற்றினாலும் அந்த ஆட்டம் மேலே ஏறிவிடாமல் நடுவில் நின்று பிடித்துக்கொள்வது வயிறுதான். மூச்சை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது, தொப்புளுக்கு மேலே எதை இழுப்பது, கீழே எதைத் தளர்த்துவது, எல்லாம் அதற்குத்தான் தெரியும். அறுபதுகளின் கடைசியிலிருந்து எழுபதுகள் முடியும்வரை அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே நான் ஆடாத கோயில் வாசல் குறைவு. எல்லாமே இந்த வயிற்றை நம்பித்தான். எனக்கு வாழ்நாள் முழுக்கத் தீராத கோபமும் இதன் மேல்தான்.

நான் பிறந்தது அருப்புக்கோட்டையில் ஒரு நெசவுக் குடும்பத்தில். வீட்டுக்குள் தெலுங்கு, வாசலைத் தாண்டினால் தமிழ். குழித்தறியில் உட்கார்ந்தால் கால்கள் குழிக்குள் மிதித்துக்கொண்டே இருக்கும், மேல் உடம்பு தளும்பக் கூடாது. தளும்பினால் துணியில் தெரிந்துவிடும். பத்து வயதிலிருந்து அப்படி உட்கார்ந்து பழகியவளுக்குக் கரகம் பெரிய வித்தையாகத் தோன்றவில்லை. வயிற்றை நான் படித்தது டென்ட் கொட்டகையில். என்ன படம் என்பது மறந்து போயிற்று. அதில் ஏதோ விடுதியில் ஒருத்தி வந்து ஆடுவாள். மேலே கொஞ்சம் துணி, கீழே கொஞ்சம் துணி, நடுவில் ஒன்றும் கிடையாது. ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்கள் பக்கம் எல்லோரும் குனிந்து மணலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். நான் குனியவில்லை. அவள் மற்றதையெல்லாம் நிறுத்திவிட்டு வயிற்றை மட்டும் ஓடவிட்டாள். அட, இப்படியும் ஒரு உடம்பு உண்டா என்று எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் தறிக்கு நீட்டியிருந்த பாவு நூலுக்குப் பின்னால் நின்று, சேலையை இறக்கிக் கட்டி, நானும் செய்து பார்த்தேன். அம்மா பார்த்துவிட்டாள். கையில் கிடைத்ததை எடுத்து விளாசினாள். என் அம்மா தெலுங்கில் திட்டினால் சீக்கிரம் ஆறிவிடுவாள். அன்றைக்குத் தமிழில் திட்டினாள், தெருவுக்கே கேட்கட்டும் என்று. அடி வாங்கியும் எனக்குப் புத்தி வரவில்லை. அந்த அசைவு எனக்கு வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் எடுக்கும்போதும் நூல் சுற்றும்போதும் சேலைக்குள் யாருக்கும் தெரியாமல் பழகிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் தெரு மாரியம்மன் பொங்கலுக்கு ஒரு நையாண்டி மேளம் வந்தது. அதில் தவில் வாசித்தவரோடு பத்தொன்பது வயதில் பஸ் ஏறினேன். வீட்டில் எனக்குத் தலை முழுகிவிட்டார்கள். அவருடைய குழுவிலேயே கரகம் எடுத்தேன். கூட ஆட ஒரு ஜோடி இருந்தாள், எம்.ரெட்டியபட்டிக்காரி, என் வயதுதான். அவள் ஏணியில் ஏறுவாள், கண் இமையால் ஊசி எடுப்பாள். எனக்கு அந்தக் குரங்குச் சேட்டையெல்லாம் வராது. "ஒனக்கு வயிறு மட்டும்தான்டி சொல்பேச்சுக் கேக்குது. சும்மா கெடந்து துள்ளுறதுக்கு ஒரு எலுமிச்சம்பழத்த வச்சாவது வேடிக்க காட்டு" என்றாள் ஒரு நாள். அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன்.

மண்டியிட்டுக் குதிகாலில் உட்கார்ந்து, முதுகைப் பின்னால் சாய்த்துக்கொள்வேன். தலையும் கரகமும் நேராக நிற்கும். ஜோடி ஒரு எலுமிச்சம்பழத்தை என் நெஞ்செலும்புக்குக் கீழே வைப்பாள். அதை வயிற்றின் மடிப்பாலேயே மெல்ல மெல்லத் தொப்புள்வரை இறக்க வேண்டும். அங்கே ஒரு மூச்சு நிறுத்தி, மறுபடி மேலே ஏற்ற வேண்டும். இறக்குவதை யாரும் செய்துவிடலாம், ஏற்றுவதுதான் உயிர் போகும். அந்த நேரம் என் வீட்டுக்காரர் மற்ற மேளத்தையெல்லாம் நிறுத்திவிட்டு, விரலால் மட்டும் தவிலைத் தொட்டுக்கொண்டிருப்பார். என் மூச்சு அவருக்குத் தெரியும்.

இரண்டாவது வருஷமே அந்தப் பழம் சாமிப் பழமாகிவிட்டது. பரளச்சிப் பக்கம் ஒரு பங்குனிப் பொங்கலில், ஆட்டம் முடிந்ததும் ஒரு பெண் வந்து முந்தானையை விரித்து, "அந்தப் பழத்தக் குடு தாயி" என்றாள். எதற்கு என்றுகூட எனக்குப் புரியவில்லை. கொடுத்தேன். அடுத்த பங்குனியில் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பிறகு கேட்கவா வேண்டும்? ஊர் ஊராகப் பரவிவிட்டது. ஆட்டத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்க வருகிறவர்கள் என் பெயரைக்கூடக் கேட்பதில்லை. "அந்த எலுமிச்சம்பழக்காரி வருவால்ல?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, ஈரச் சேலையோடு கோயில் வாசலில் நிற்பார்கள். ஊருக்கு ஒருத்திதான். யார் என்பதை ஊர் முன்னாலேயே பேசி வைத்திருக்கும். பொங்கல் பொங்கி வழியும் நேரத்தில் நான் பழத்தை உருட்ட வேண்டும். அது கீழே விழக் கூடாது. பிறகு அம்மன் வாசலில் குனிந்து மஞ்சள் குங்குமம் வைத்து, அவள் மடியில் போட வேண்டும். அவள் அதை விதையோடு தின்ன வேண்டும்.

கூத்தைக் கேளுங்கள். மதியம் எந்த வயிற்றைத் தொட்டுப் பெண்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களோ, அதே வயிற்றைப் பார்த்துச் சாயங்காலம் அந்த வீட்டு இளவட்டங்கள் விசிலடிப்பார்கள். "ஏலே, சினிமாவுல ஆடுற மாதிரியே ஆடுறாடா! கொஞ்சம் எறக்கிக் கட்டச் சொல்லு!" எழுபதுகள் வளர வளர அது கூடிக்கொண்டே போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒரு தடவை ஆட்டத்தை நிறுத்தி, "ஒங்க மதினி மத்தியானம் இந்த வயித்தத்தான்டா கும்பிட்டுட்டுப் போனா, போயிக் கேளு" என்று கத்திவிட்டேன். அன்று இரவு என் வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை, சிரித்தார்.

திருவிழாக்களில் வளையல் கடை போடும் ஒரு பாய் இருந்தார். சின்ன வயதில் கப்பலில் சமையல் வேலை பார்த்தவர். கடையைப் பிரித்துக் கட்டும்போது எங்களோடு பேசிக்கொண்டிருப்பார். "மிஸ்ரு தேசத்துல, அதான் எகிப்துங்கிறாகளே, அங்க ஒன்னைய மாதிரி வயித்த ஆட்டுற பொம்பளைக இருக்காளுகம்மா. கலியாண வீட்டுல அவுகள ஆடவிடுவாக. பொண்ணும் மாப்பிள்ளையும் அவ வயித்துல கை வச்சுப் போட்டோ எடுத்துக்கிடுவாக. வம்சம் தழைக்கணும்னு" என்றார். கடல் தாண்டி, பாஷை தெரியாத ஊரில், என்னைப் போல ஒருத்தி. அவள் வயிற்றிலும் ஊரார் கை. எனக்கு அடி வாங்கித் தந்த சினிமாக்காரியும் அவளைப் பார்த்துத்தான் ஆடினாளோ என்னவோ. "அவளுக்குப் பிள்ளை உண்டா பாய்?" என்று கேட்டேன். அவர் வளையல் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, "அத யாரும்மா கேட்டா?" என்றார்.

எனக்குப் பிள்ளை இல்லை. இதை ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? கல்யாணமாகி எட்டு வருஷம். இரண்டு தடவை கரு நின்றது, இரண்டு தடவையும் கலைந்தது. இரண்டும் பங்குனி சித்திரையில், ஆட்டத்தின் நடுவில். நின்றதே கலைந்தபோதுதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "ஆட்டத்த நிறுத்தினா தங்கலாம், தங்காமலும் போகலாம்" என்றார். அப்படி ஒரு பதிலை வைத்துக்கொண்டு என்ன செய்வது? என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் அவருடைய தகரப் பெட்டியில் துண்டைத் தேடும்போது ஒரு மரக் கிலுகிலுப்பை கிடைத்தது. ஏதோ திருவிழாவில் வாங்கி, சட்டைக்கு அடியில் வைத்திருக்கிறார். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

ஊரில் பாதிப் பேருக்கு என் பழம் பிள்ளை கொடுத்திருக்கிறதாம். பத்துப் பன்னிரண்டு குழந்தைகளை என் காலடியில் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். அதுகளைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு, பால் வாசம் போகாத கையோடு சலங்கை கட்டியிருக்கிறேன். உருட்டிய பழத்தை உருட்டினவள் தின்னக் கூடாது என்று சட்டமில்லை, ஆனால் எப்படிக் கேட்பது? ஊருக்கு ஒரு பழம். அதற்கென்று ஒருத்தி பட்டினி கிடந்து நிற்கிறாள். இன்னொன்றை வீட்டில் தனியாக உருட்டித் தின்றுபார் என்றாள் என் ஜோடி. தின்றேன், அது வெறும் பழம். அம்மன் இல்லை, பொங்கல் பொங்கவில்லை, ஊர் பார்க்கவில்லை. அதில் என்ன இருக்கப் போகிறது?

அந்த எட்டாவது வருஷப் பங்குனியில்தான் அதைச் செய்தேன். பரளச்சிக்குத் தெற்கே, வெள்ளாமை செய்யும் சம்சாரிகளின் கிராமம். அன்றைக்கு நின்றவளுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லை என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள். கறுத்து மெலிந்த உடம்பு, வெயிலில் ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்துகொண்டிருந்தது. பொங்கல் பொங்கியது, குலவை போட்டார்கள், நான் பழத்தை இறக்கி ஏற்றினேன். அவ்வளவு சுத்தமாக நான் அதற்கு முன்பு ஏற்றியதில்லை. இடுப்புப் பட்டைக்குள் காலையிலேயே இன்னொரு பழத்தைச் செருகி வைத்திருந்தேன். அம்மன் வாசலில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக் குனிந்தேன். உருண்ட பழத்தை உள்ளே தள்ளினேன், செருகியிருந்ததை எடுத்தேன். அதற்கு மஞ்சள் வைத்து, திரும்பி, அவள் விரித்த மடியில் போட்டேன். அவள் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பாவி, நானும் வாழ்த்தினேன்.

எங்களை இறக்கியிருந்த பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் போய், கருவேல மர நிழலில் நின்று, அந்தப் பழத்தை விதையும் தோலுமாகத் தின்றேன். வாயெல்லாம் கசந்தது. "என்ன புள்ள, மொகத்தச் சுளிக்கிற?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர். "பித்தம்" என்றேன்.

அடுத்த மாதம் நாள் தள்ளிப் போனது. பத்து நாள், இருபது நாள், முப்பத்தைந்து நாள். நான் பழத்தைப் பற்றிச் சொல்லவில்லை, நாள் தள்ளியதை மட்டும் அவரிடம் சொன்னேன். "நீ கரகத்தத் தொடக் கூடாது" என்று உத்தரவு போட்டார். வைகாசி ஆட்டமெல்லாம் ஜோடி ஒற்றையில் ஆடினாள், என்னைத் திட்டிக்கொண்டே எனக்கும் சேர்த்து ஆடினாள். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு மேளக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாலவனத்தம் போகும் பஸ்ஸில் ஒரு நாள் காலையில் அடிவயிறு பிடித்தது. இறங்கும்போது சேலை நனைந்திருந்தது. அவர் தன் துண்டை எடுத்து என் இடுப்பில் கட்டிவிட்டார். திருடின பழம் எப்படித் தங்கும் என்று எனக்குள் நானே சொல்லிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு என்னை அரித்தது வேறு. எனக்கு இல்லாமல் போனது போகட்டும். அந்தக் கறுத்த பொம்பளையின் வாயிலிருந்து தட்டிப் பறித்துவிட்டேனே! அவள் வெறும் பழத்தைத் தின்றுவிட்டு, மாதா மாதம் நாள் எண்ணிக்கொண்டிருப்பாளே! அடுத்த பங்குனிக்கு அதே ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்தபோது நான் அடுப்படியைவிட்டு வெளியே வரவில்லை. அவர் தட்டை வாங்கிவிட்டார். சாமி காரியத்துக்கு வெற்றிலை வாங்கினால் வாங்கினதுதான். "அந்த ஊரு வேணாம் மாமா" என்றேன். "ஏன்?" என்றார். நான் அடுப்பை ஊதக் குனிந்துவிட்டேன்.

பள்ளிக்கூட வகுப்பறையில் உட்கார்ந்து முகத்துக்கு மாவு பூசிக்கொண்டிருந்தேன். ஜோடி வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். வாசலில் நிழல் தட்டியது. அவள்தான். கையில் துணிச் சுருள். சுருளுக்குள் பிறந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒரு பெண் குழந்தை. பூசிய மாவோடு எழுந்து நின்றேன்.

"ஒன் கையில குடுக்கணும்னுதான் தூக்கிட்டு வந்தேன்" என்றாள்.

நான் வாங்கவில்லை. "அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். போன வருசம் நான் ஒங்க மடியில போட்டது உருண்ட பழம் இல்லக்கா. வேற பழம். அந்தப் பழத்த நான் தின்னுட்டேன்." சொல்லிவிட்டேன். அடிப்பாள், ஊரைக் கூட்டுவாள், எதுவானாலும் சரி என்று நின்றேன்.

"தெரியும்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஒன் பக்கத்துலதான மண்டி போட்டிருந்தேன். நீ குனியும்போது ஒன் இடுப்பு என் கண்ணுக்கு நேர இருந்துச்சு. ஒண்ண உள்ள தள்ளுன, இன்னொண்ண எடுத்த. பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"பெறகு ஏன்க்கா பேசாம வாங்கிக்கிட்டீக? ஒரு சத்தம் போட்டிருந்தா ஊரே என்னையக் கட்டி வச்சு உரிச்சிருக்குமே!"

அவள் குழந்தையின் மேல் உட்கார்ந்த ஈயை ஓட்டினாள். "ஒன் கை நடுங்குச்சு தாயி. ஒம்பது வருசமா எந்தக் கோயில்ல துன்னூறு வாங்குனாலும் என் கை அப்படித்தான் நடுங்கும். சரி, பாவம், இவளுக்கும் இல்ல போலருக்குன்னு நெனச்சேன். எனக்கு இந்த வருசம் இல்லைன்னா அடுத்த வருசம் வாங்கிக்கிடலாம். நீ யாருகிட்டப் போயிக் கேப்ப?"

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். "ஒனக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். எத்தனையோ ஊர், எத்தனையோ பொம்பளைகள், ஒருத்தியும் என்னைக் கேட்காத கேள்வி அது. தலையை ஆட்டினேன். "நிக்கலக்கா" என்றேன். அவள் அம்மன் தருவாள் என்று சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. சுருளைப் பிரித்து, குழந்தையை எடுத்து, என்னைச் சுவரில் சாயச் சொல்லி, என் வெறும் வயிற்றின் மேல் குப்புறக் கிடத்தினாள்.

"செத்த நேரம் வச்சிரு. நான் போயிப் பொங்கலுக்கு அடுப்பு மூட்டிட்டு வாரேன்" என்று எழுந்து போய்விட்டாள். வாங்கிய குழந்தையை ஒருத்தி திருடமாட்டாள் என்பதற்கு, பழம் திருடினவளிடம் என்ன உத்தரவாதம் இருக்கிறது? அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குழந்தை இரண்டு தடவை முனகியது. பிறகு கன்னத்தை என் தொப்புளுக்குப் பக்கத்தில் வைத்துத் தூங்கிவிட்டது. எவ்வளவு கனம் அது! உடம்பு முழுக்கச் சூடு. எனக்கு வந்த அழுகைக்கு வயிறு குலுங்கப் பார்த்தது, குலுங்கினால் எழுந்துவிடும். எத்தனையோ வருஷமாக அதை அசைக்கப் படித்தவள், அன்றைக்கு அசையாமல் வைத்திருந்தேன். மூச்சை நெஞ்சோடு நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். கண்ணீர் கன்னம் வழியாக இறங்கியது, அதைத் துடைக்கவும் கையை எடுக்கவில்லை. எனக்கு இது வேண்டும், எனக்கு இது வேண்டும் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டிருந்தது. அது எனக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. இந்த வயதிலும் படுத்தால் சில நாள் அந்த இடத்தில் கனம் தெரியும்.

வெளியே மேளம் கட்டிவிட்டது. ஆட்டக்காரியைக் கூப்பிடும் அடி ஒன்று உண்டு, அது வந்தது. ஜோடி தலையை நீட்டி, "ஏண்டி, காது அடச்சுப் போச்சா?" என்று ஆரம்பித்து, என் மேல் கிடந்ததைப் பார்த்து, மீதியை விழுங்கிக்கொண்டு போனாள். இரண்டாவது தடவையும் கூப்பிட்டார்கள். ஊர்ப் பெரியவர் சத்தம் போடுவது கேட்டது. பிறகு தவில் நின்றது. அவரே வந்துவிட்டார், கையில் குச்சி, விரலெல்லாம் தவில் அடிக்கும் கூடு மாட்டியபடி. திட்டத்தான் வந்திருப்பார். வாசற்படியில் நின்று பார்த்தார். என்னைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். எழுந்திருக்க நான் கையை ஊன்றினேன். வேண்டாம் என்று குச்சியால் சைகை காட்டினார்.

போனவர், "ஆட்டக்காரி வர நேரமாகும், ஒக்காருங்க" என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டு, மேளத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.